ஒரு கோயில், இரண்டு சாட்சிகள்

இன்று இஸ்தான்புல் என்று நாம் சொல்லும் ஊரை ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் கி.பி. 330-இல் தம் புதிய தலைநகராக்கினார். அதனால் அதற்குக் கான்ஸ்டான்டிநோபிள் என்று பெயர் வந்தது. மேற்கே ரோமாபுரி வீழ்ந்த பிறகும் இந்த ஊர் ஆயிரம் ஆண்டுகள் பேரரசின் தலைநகராக இருந்தது.

அதன் பெருங்கோயிலைப் பிரெஞ்சில் 'சேன்த் சொஃபி' என்பார்கள். யாரோ ஒரு புனிதவதியின் பெயர் என்று தோன்றும். அப்படியல்ல. கிரேக்கத்தில் சோஃபியா என்றால் ஞானம்; இறைவனின் ஞானத்துக்குக் கட்டிய கோயில் இது. 532-இல் தேர்ப்பந்தயக் கட்சிகள் மூட்டிய கலவரத்தில் பழைய கோயில் எரிந்தது. நாற்பதே நாளில் சக்கரவர்த்தி ஜஸ்டீனியன் புதிய வேலையைத் தொடங்கினார். அந்தெமியுஸ், இசிதோருஸ் என்ற இரண்டு கணித வல்லுநர்கள் ஆறு ஆண்டுகளுக்குள், 537-இல், முடித்துக் கொடுத்தார்கள். சுமார் 31 மீட்டர் அகலக் கும்மட்டம். அதன் அடியில் வரிசையாக 40 ஜன்னல்கள். பூகம்பங்களால் 558-இல் கும்மட்டம் இடிந்து விழ, முன்னதைவிட உயரமாகக் கட்டி 562-இல் மறுபடி திறந்தார்கள்.

இந்தக் கோயிலுக்கு மிகப் பெரிய சேதம் யாரால் வந்தது? துருக்கியரால் என்றுதான் பலரும் சொல்வார்கள். உண்மையில் அது 1204 ஏப்ரலில், சிலுவை தரித்து வந்த கிறிஸ்தவர்களால் வந்தது. ஜெருசலேமை மீட்கப் புறப்பட்ட நான்காம் சிலுவைப்போர்ப் படை அது. வெனிஸ்காரர்களிடம் பட்ட கப்பல் கடனிலும், அரியணைக்கு ஆசைப்பட்ட ஓர் இளவரசன் கொடுத்த பண வாக்குறுதியிலும் சிக்கி, வழிமாறி இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது.

புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு வில்லார்துவேன் தெரிந்த பெயர். பிரெஞ்சு உரைநடையின் தொடக்க கால ஆசிரியர்களில் ஒருவர் என்று படித்தோம். அந்தப் படையின் தலைவர்களில் அவரும் ஒருவர். உலகம் உண்டான நாள் முதல் ஒரே நகரத்தில் இவ்வளவு கொள்ளைப் பொருள் கிடைத்ததில்லை என்று பெருமையோடு எழுதியிருக்கிறார். தீயில் எரிந்த வீடுகள் பிரான்சின் மூன்று பெரிய நகரங்களின் வீடுகளைவிட அதிகம் என்பதும் அவர் கணக்குத்தான்.

பாடத்தில் வராத இன்னொருவர் நிகேதாஸ் கோனியாதேஸ். கிரேக்க அரசின் உயர் அதிகாரி. என்னைப் போல் கோப்புகளோடு வாழ்ந்தவர் என்பதாலோ என்னவோ, அவர்மேல் எனக்குத் தனிப் பாசம். கோயிலுக்குள் கோவேறு கழுதைகளை ஓட்டிவந்து பொன்னையும் வெள்ளியையும் ஏற்றினார்கள், பலிபீடத்தை உடைத்துப் பங்கு போட்டார்கள், ஒரு பெண்ணைப் பிதாப்பிதாவின் ஆசனத்தில் உட்காரவைத்துப் பாடவிட்டார்கள் என்று எழுதுகிறார். அவருடைய வீடு முந்தைய ஆண்டுத் தீயிலேயே போயிற்று. நிறைமாத மனைவியோடும் குழந்தைகளோடும் நடந்தே ஊரைவிட்டு வெளியேறினார். அவர்களைக் காப்பாற்றி வெளியேற்றியவர் யார் தெரியுமா? அவரிடம் பழகிய ஒரு வெனிஸ்காரர்! அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

1261-இல் கிரேக்கர்கள் ஊரை மீட்டார்கள். ஆனால் பழைய பலம் திரும்பவில்லை. 1453-இல் சுல்தான் மெஹ்மத் பிடித்தபோது, மதிலுக்குள் பாதி ஊர் காடும் கழனியுமாகக் கிடந்தது. அவர் கோயிலை மசூதியாக்கினார். பின்னால் வந்த சுல்தான்கள் முட்டுச்சுவர் எழுப்பிக் காத்தார்கள். 1935-இல் அருங்காட்சியகமாகி, 2020-இல் மீண்டும் மசூதியாயிற்று.

கொள்ளை போன நான்கு வெண்கலக் குதிரைகள் இன்றும் வெனிஸில் இருக்கின்றன. நடுவே நெப்போலியன் அவற்றைப் பாரீசுக்குக் கொண்டுபோனதும், 1815-இல் திருப்பிக் கொடுத்ததும் தனிக்கதை. 2001-இல் ஏதென்ஸ் சென்ற போப்பாண்டவர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் இந்தக் கொள்ளைக்காக வருத்தம் தெரிவித்தார். கிட்டத்தட்ட எண்ணூறு ஆண்டுகள் கழித்து!

பேரப்பிள்ளைகள் சரித்திரம் கேட்டால் நான் வில்லார்துவேனையும் சொல்கிறேன், நிகேதாஸையும் சொல்கிறேன். இருவரும் அந்த ஊரில் நின்று பார்த்தவர்கள். ஒருவர் மூட்டை கட்டியவர், மற்றவர் வீடு இழந்தவர். இருவரையும் கேட்ட பிறகுதான் அந்த ஏப்ரலில் நடந்தது என்னவென்று புரிகிறது.