உபரித் துப்பாக்கி உறுப்புத் தொகுதி

உபரித் துப்பாக்கி உறுப்புத் தொகுதி என்பது, ஒரு நாட்டுச் சேனை தன் உபயோகத்தினின்று கழித்துவிட்ட ராணுவத் துப்பாக்கியின் நடுவுடலாகிய ரிசீவரை மட்டும் வெட்டி அழித்துவிட்டு, எஞ்சிய தாழ், விசையமைப்பு, சுருள்வில்கள், குறிபார்க்கும் உறுப்புகள், மரக்கட்டை முதலியவற்றையும், சில காலங்களில் குழலையும், ஒரே கட்டாகச் சேர்த்து விற்கும் சரக்காகும். சேகரிப்பாளர் இதனைப் பார்ட்ஸ் கிட் என்று வழங்குவர். இவ்வியாபாரம் பெரும்பாலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கே உரியது. துப்பாக்கியின் எந்த உறுப்பைத் துப்பாக்கியாகக் கொள்வது என்ற வினாவுக்கு அந்நாட்டுச் சட்டங்கள் வெவ்வேறு காலங்களில் அளித்த விடைகளே இதனை உண்டாக்கி, வளர்த்து, பின்னர் குறுக்கியும் விட்டன.

யுத்தத்தில் மிஞ்சிய ஆயுதங்களைப் பொதுமக்களுக்கு விற்கும் வழக்கம் இத்தொகுதிகளுக்கு நெடுங்காலம் முந்தியது. அமெரிக்க உள்நாட்டு யுத்தம் 1865-ல் முடிந்தபோது சர்க்கார் களஞ்சியங்களில் மலைபோல் குவிந்து கிடந்த தளவாடங்கள் ஏலத்துக்கு வந்தன. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் 1851-ல் பிறந்து, பாலப் பருவத்திலேயே புரூக்ளினுக்குக் குடிபெயர்ந்த பிரான்சிஸ் பானர்மன் என்பவர், கடற்படை ஏலங்களில் சில்லறைச் சரக்கு வாங்கும் குடும்பத் தொழிலிலிருந்து தொடங்கி, அந்நாட்டின் மிகப் பெரிய உபரி ஆயுத வணிகராக உயர்ந்தார். 1898-ல் நிகழ்ந்த ஸ்பானிய யுத்தத்தில் கைப்பற்றப்பட்ட தளவாடங்களில் பெரும்பகுதியை அவரே வாங்கினார். அத்தனை வெடிமருந்தை நகரத்தின் நடுவே வைத்திருக்க இயலாமற்போகவே, 1900-ல் ஹட்ஸன் நதியிலுள்ள பொல்லபெல் தீவை விலைக்கு வாங்கி, அங்கே ஸ்காட்லாந்துக் கோட்டை வடிவில் ஓர் ஆயுதசாலையை எழுப்பினார். பிராட்வே வீதியில் அவர் நடத்திய கடையும், நூற்றுக்கணக்கான பக்கங்களில் படங்களோடும் குறிப்புகளோடும் அவர் வெளியிட்ட விலைப்பட்டியல்களும், ஆயுதச் சேகரிப்பு என்னும் பொழுதுபோக்கையே அந்நாட்டில் வேரூன்றச் செய்தன எனலாம். அவர் வியாபாரிதாம், எனினும் எந்தப் படை எந்த ஆயுதத்தைத் தாங்கியது என்பதை அறிய விரும்புவோர் இன்றும் அப்பட்டியல்களைப் புரட்டுகிறார்கள் என்பது அவர் செய்த பணியின் மதிப்பைக் காட்டும். அவர் 1918-ல் காலமானார். 1920-ல் தீவின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துக் கோட்டையின் ஒரு பகுதி சிதைந்தது.

சர்க்காரும் இத்துறையில் நேரடியாகவே ஈடுபட்டது. குடிமக்களிடையே குறிசுடும் பயிற்சியை வளர்க்கும் பொருட்டு 1903-ல் ஏற்பட்ட தேசிய வாரியத்தின் வழியாகக் கிராக், ஸ்பிரிங்பீல்டு முதலிய துப்பாக்கிகள் குறைந்த விலைக்குக் கிடைத்து வந்தன.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் இவ்வியாபாரம் உலகளாவியதாயிற்று. ஐரோப்பியச் சேனைகள் தானியங்கி ஆயுதங்களுக்கு மாறியதும், பழைய தாழ்வகைத் துப்பாக்கிகள் லட்சக்கணக்கில் பயனற்றுக் கிடந்தன. 1953-ல் சாமுவேல் கம்மிங்ஸ் நிறுவிய இன்டர்ஆர்ம்கோ என்னும் நிறுவனம் அவற்றை மொத்தமாக வாங்கி, வர்ஜீனியாவில் போட்டோமாக் நதிக்கரையிலுள்ள அலெக்ஸாண்டிரியா நகரக் கிடங்குகளில் அடுக்கியது. பத்திரிகை விளம்பரத்தைக் கத்தரித்துப் பணவிடையோடு அனுப்பினால் துப்பாக்கி தபாலில் வீடு வந்து சேர்ந்த காலம் அது. உள்நாட்டு உற்பத்தியாளர் இதனால் நலிவுற்றனர். மாசசூசெட்ஸ் மாநிலத்துச் செனட்டராயிருந்த ஜான் எப். கென்னடி, 1958-ல், தம் மாநிலத்துத் தொழிலைக் காக்கும் நோக்கத்தோடு, அந்நிய ராணுவ உபரி ஆயுதங்களின் இறக்குமதியைத் தடுக்கும் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார்; அது நிறைவேறவில்லை. ஐந்தாண்டுகள் கழித்து, 1963 மார்ச்சில், லீ ஹார்வி ஆஸ்வால்டு என்பவன் பொய்ப்பெயரில் சிக்காகோ நகரத்துக் கடையொன்றுக்கு எழுதி, தபாற்செலவு உட்பட 21.45 டாலருக்குத் தொலைநோக்கி பொருத்திய இத்தாலிய கார்க்கானோ துப்பாக்கி ஒன்றைத் தருவித்தான். அவ்வாண்டு நவம்பர் 22-ல் ஜனாதிபதியாயிருந்த கென்னடியின் உயிரைப் பறித்தது அத்துப்பாக்கியே.

அக்கொலைக்குப் பின் எழுந்த விவாதம் முடிவுக்கு வர, 1968-ல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட வேண்டியிருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 22-ல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்ட துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், மாநில எல்லை கடந்து தபால் மூலம் தனிமனிதர் துப்பாக்கி வாங்குவதை நிறுத்தியது. ராணுவ உபரித் துப்பாக்கிகளின் இறக்குமதியையும் தடைசெய்தது. ஆனால் அதே சட்டம் வேறொரு கதவைத் திறந்து வைத்தது. 1938-ல் இயற்றப்பட்ட முந்தைய சட்டம் துப்பாக்கியின் எந்தப் பாகத்தையும் துப்பாக்கியாகவே கருதியிருந்தது. ஒவ்வொரு திருகாணியையும் சுருள்வில்லையும் கண்காணிப்பது நடவாத காரியம் என்று அனுபவத்தில் கண்டமையால், புதிய சட்டத்தை வகுத்தோர் ரிசீவர் ஒன்றை மட்டும் துப்பாக்கியாகக் கொண்டு, ஏனைய உறுப்புகளை வெறும் உலோகமும் மரமுமாக விட்டுவிட்டனர். நிர்வாக வசதிக்காகச் செய்யப்பட்ட இந்தச் சிறு மாறுதலே உறுப்புத் தொகுதி வியாபாரத்தின் அஸ்திவாரம் என்பது என் துணிபு. ரிசீவரை அழித்துவிட்டால், முழுத் துப்பாக்கிக்குக் கிடைக்காத அனுமதி அதன் உறுப்புகளுக்குக் கிடைத்தது.

1984-ல் நிகழ்ந்த சட்டத்திருத்தம் பழம்பொருளாகக் கருதத்தக்க ராணுவத் துப்பாக்கிகளை முழுமையாகவே இறக்குமதி செய்ய வழிவகுத்தமையால், பழைய தாழ்வகைத் துப்பாக்கிகளை வெட்டிக் கொணர வேண்டிய அவசியம் பெரிதும் நீங்கியது. ஆகவே உறுப்புத் தொகுதி என்பது நாளடைவில், முழு உருவில் வரவே முடியாத தானியங்கி ஆயுதங்களுக்கு உரியதாயிற்று. இயந்திரத் துப்பாக்கிகள் 1934 முதலே பதிவுக்கும் 200 டாலர் வரிக்கும் உட்பட்டிருந்தன. 1986 மே 19-க்குப் பிறகு புதியதாக ஒன்றையும் குடிமக்கள் பதிவு செய்துகொள்ள இயலாதென்று ஆனது. பிரென், ஸ்டென், சுவோமி போன்ற யந்திர ஆயுதங்களின் பழைய உறுப்புகளைச் சேகரிப்பாளர் நாடியதற்கு இதுவே காரணம்.

இவ்வியாபாரத்தின் பொற்காலம் ரஷ்ய வல்லரசு சிதைந்ததை அடுத்த பதினைந்து ஆண்டுகளாகும். பெல்ஜியத்தில் தியெதொன்னே சாய்வ் வடிவமைத்து, தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் வழங்கிய எப்.ஏ.எல். துப்பாக்கியைப் பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா முதலிய தேசங்கள் கழித்துவிட்டிருந்தன. வார்சா ஒப்பந்த நாடுகளின் களஞ்சியங்களும் திறந்தன. வெர்மான்டைச் சேர்ந்த செஞ்சுரி ஆர்ம்ஸ் போன்ற இறக்குமதியாளர் இவற்றைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்தனர். ருமேனியாவின் கூஜிர் ஆலையில் செய்த ஜி எழுத்துப் பொறித்த கலாஷ்னிகோவ் தொகுதிகள் நூறு டாலருக்கும் குறைவாகவே விற்றன. அந்த எழுத்து, செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் டாங்கிகள் புகுந்த 1968-ல், தன் நாட்டுக்கும் அக்கதி நேருமோ என்று அஞ்சிய ருமேனியத் தலைவர் செளஷெஸ்கு அமைத்த தேசபக்தக் காவற்படையைக் குறிப்பது. தொழிலாளரும் விவசாயிகளும் அடங்கிய அப்படையின் ஆயுதமாதலால், தொடர்ந்து சுடும் வசதியின்றி ஒவ்வொரு குண்டாகவே சுடும்படி அதனை அமைத்திருந்தனர். ஓர் எழுத்தைப் பற்றிக்கொண்டு ஒரு தேசத்தின் அச்சத்தையே படித்தறிய முடிகிறதென்றால், இச்சேகரிப்பை வெறும் இரும்புப் பித்தென்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

ஆயினும் எல்லா ஆயுதங்களும் தம் சரித்திரத்தை இவ்வாறு காத்துக்கொள்வதில்லை. தகட்டால் ஆன கலாஷ்னிகோவில் ஆலை முத்திரை, ஆண்டு, வரிசை எண் ஆகியவை குழல் பொருந்தும் முன்கட்டியில் இருப்பதால், தகட்டு உடல் வெட்டுண்ட பின்னும் அவை தப்பிப் பிழைக்கின்றன, எப்.ஏ.எல். துப்பாக்கியிலோ அவை ரிசீவரின் மீதே பொறிக்கப்பட்டிருத்தலின், வெட்டும் நெருப்பில் அதன் பிறப்புச் சான்றே மறைந்துபோகிறது. அதிகாரிகள் தொடக்கத்தில் ரம்ப வெட்டை ஏற்றனர். வெட்டியவற்றை மீண்டும் பற்றவைக்கும் முயற்சிகளைக் கண்ட பின்னர், பல இடங்களில் உலோகம் உருகி மறையும்படி வாயுச் சுடரால் அறுக்கவேண்டுமென வற்புறுத்தினர். ஆகையால் தாழிலும் அதனைத் தாங்கி நகரும் உறுப்பிலும் உள்ள எண்கள் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதே வாங்குவோரின் முதல் வேலை. ஒத்த எண்ணுடைய தொகுதிக்கு அதிக விலை. அங்குல அளவில் ஆன பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய உறுப்புகளிற் பல, மெட்ரிக் அளவில் ஆன பெல்ஜிய, ஆஸ்திரிய வகையோடு பொருந்தா என்பதை அறியாமல் இரண்டையும் கலந்து வாங்கியோர் பலர்.

வாங்கியோரில் ஒரு சாரார், அமெரிக்காவில் புதியதாகச் செய்த, தொடர்ந்து சுடாத ரிசீவரை உரிய சட்டமுறைப்படி பெற்றுத் துப்பாக்கியை மீண்டும் உருவாக்கினர். 1989-ல் பல வகைத் துப்பாக்கிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டதை இவ்வழி பயனற்றதாக்கிவிடும் என்று கண்ட காங்கிரஸ், 1990-ல் இதற்கு வரம்பு கட்டியது. பட்டியலிட்ட 20 உறுப்புகளில் 10-க்கு மேல் அந்நிய உறுப்பு இருத்தலாகாது என்று பின்னர் விதிகள் நிர்ணயித்தன. மற்றொரு சாரார் சுடவே இயலாத போலி ரிசீவரில் உறுப்புகளைப் பூட்டிக் காட்சிப்பொருளாக வைத்தனர். என் அபிப்பிராயத்தில் ஒரு சேகரிப்பாளருக்கு இதுவே உத்தமமான வழி. ஒரு பிரென் துப்பாக்கியின் அமைப்பை அறிந்துகொள்ள அதைச் சுட்டுப்பார்க்க வேண்டிய அவசியமில்லை.

2005 ஜூலையில் வந்த ஓர் ஆணையோடு இவ்வியாபாரத்தின் செழிப்புக் குன்றியது. இறக்குமதிக்குத் தகுதியற்ற துப்பாக்கியின் ரிசீவரைப் போலவே குழலும் தடுக்கப்பட்டதென்று 1986-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதியிருந்தும், பத்தொன்பது ஆண்டுகள் குழல்கள் தடையின்றி வந்துகொண்டிருந்தன. அவ்வாசகத்தை இனி உள்ளபடி கைக்கொள்வதென மத்திய ஆயுதத் துறை அறிவித்தது. ஆலையிற் பொருத்திய மூலக் குழல் இல்லாத தொகுதி அரைகுறையானதென்றே சேகரிப்பாளர் கருதினமையின், குழலோடு கூடிய பழைய கட்டுகளின் விலை ஏறியது. 2001-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற செயல்திட்டத்தின்படி உபரிச் சிற்றாயுதங்களை விற்காமல் அழித்துவிடும் முறையும் பரவியதால், வரத்தும் சுருங்கியது. மனித உயிரை எண்ணின் அம்முறையைக் குறைகூற இயலாது. ஆனால் உருக்கு உலைக்கு அனுப்புமுன் எண்களையும் முத்திரைகளையும் ஏட்டில் பதிந்து வைத்தால் சரித்திரம் பிழைக்கும்.

2022-ல் வெளியான மத்திய விதி, முழுமையடையாத ரிசீவருடன் புதியதாகச் செய்து விற்ற, வரிசை எண் பொறிக்கப்படாத கைத்துப்பாக்கித் தொகுதிகளைக் கருதி வகுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 26-ல் அதனை நிலைநிறுத்தியது. ரிசீவர் வெட்டுண்ட ராணுவ உபரித் தொகுதிகள், குழலின்றி, இன்னும் விற்பனைக்கு வந்துகொண்டிருக்கின்றன.