எம்டனும் கைப்பேசியும்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கம் ஏரியும் வயலுமாக இருந்த சிற்றூர். இன்று அங்கே சிப்காட் தொழிற்பூங்கா எழுந்திருக்கிறது. கைப்பேசியின் முகப்புக் கண்ணாடி செய்யும் ஆலைக்காக கார்னிங்கின் கூட்டு நிறுவனம் 2024இல் தேர்ந்துகொண்ட இடமும் இதுவே. இவ்வூருக்கும் உலக அரசியலுக்கும் என்ன உறவு என்று கேட்போருக்கு விடை சொல்ல, நாம் முதலில் கடலுக்குப் போக வேண்டியிருக்கிறது.

நம் முன்னோர் நாகூரிலிருந்து பினாங்குக்குப் பாய்மரம் ஏறிய நாள்களில் அவர்தம் கடிதங்கள் காற்றை நம்பியே சென்றன. 1870–71இல் ஆங்கிலேயக் கம்பெனியொன்று சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே கடலடித் தந்திக் கம்பி பதித்தது. கப்பலுக்காகக் காத்திருந்த விலைச்செய்தி விரைந்து வரலாயிற்று. வணிகர் மகிழ்ந்திருப்பர், ஆயின் கம்பி அவர்களுடையதன்று.

அது யாருக்குரியது என்பது போரில் விளங்கிற்று. 1914 ஆகஸ்ட் 5 அன்று, போர் மூண்ட மறுநாளே, ஆங்கிலேயர் ஜெர்மனியின் கடலடிக் கம்பிகளை அறுத்தனர். ஜெர்மனி பிறர் கம்பிகளை நாட நேர்ந்தது. அவ்வழிச் சென்ற அதன் மறைமொழித் தந்தியொன்றை லண்டன் படித்தறிந்ததும், 1917இல் அமெரிக்கா போரில் இறங்க அது துணைக்காரணமானதும் வரலாறு. சென்னையைச் சுட்ட எம்டனின் கதையோ நாம் சிறுவயது முதல் கேட்டது. செப்டம்பரில் சென்னை, அக்டோபரில் பினாங்கு என்று கலக்கிய அக்கப்பல், நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவின் தந்தி நிலையத்தை அழிக்கப் போயிற்று. நிலையத்தார் அதற்குமுன் விடுத்த அபயச்செய்தி கேட்டு விரைந்து வந்த ‘சிட்னி’ அதனை முடித்தது. பீரங்கியை வென்றது செய்தி.

மீண்டும் ஸ்ரீபெரும்புதூருக்கு வருவோம். 2006இல் நோக்கியா இங்கே கைப்பேசி ஆலை திறந்தது. பல்லாயிரவர் பிழைத்தனர்; இளம்பெண்களே மிகுதி. நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை 2014இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரிவழக்கில் சிக்கிய இவ்வாலை மட்டும் கைமாறவில்லை. புதிய உடைமையாளர் ஆர்டரை நிறுத்தினார். அவ்வாண்டு நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. கைத்திறன் குறைந்தா நின்றது? தீர்மானம் வேறெங்கோ இருந்தது.

அமெரிக்காவும் சீனாவும் பகைத்த பின்னர், சுங்குவார்சத்திரத்து ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐஃபோன் பணி பெருகிற்று. நம் வட்டாரத்துக்கு நல்லதே. எனினும் 2025 ஜூலையில் ஃபாக்ஸ்கானின் இந்திய ஆலைகளிலிருந்து சீனப் பொறியாளர் முந்நூற்றுவருக்கு மேல் திரும்ப அழைக்கப்பட்டனர் என்று செய்தி வந்தபோது, அறுபட்ட அக்கடலடிக் கம்பிகளே நம் நினைவுக்கு வந்தன.