வெளுத்துப் போன வானம்

19-ம் நூற்றாண்டுப் புகைப்படங்களில் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கோட்டை, கோயில், யானை, ராஜா எல்லாம் பளிச்சென்று இருக்கும். மேலே வானம் மட்டும் வெறும் வெள்ளைத் தாள்! துளி மேகம்கூடக் கிடையாது. அந்தக் காலத்தில் மேகமே கூடவில்லையா என்ன?

கூடத்தான் செய்தது. கேமராவுக்குப் பிடிபடவில்லை, அவ்வளவுதான். 1851-ல் இங்கிலாந்துக்காரர் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 'கொலோடியன்' முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டில் பிசுபிசுவென்று ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவிவிட வேண்டும். படம் அற்புதமாக வந்தது. ஆனால் ஒரு கோளாறு. அந்த ரசாயனத்துக்கு நீலம் என்றால் உயிர். பச்சையும் சிவப்பும் அதற்குக் கிட்டத்தட்ட இருட்டு! மரமும் மனிதனும் பதியட்டும் என்று காத்திருந்தால், அதற்குள் வானம் வெந்து வெளுத்துவிடும். வானத்துக்காகச் சீக்கிரம் மூடினால் தரை கரிக்கட்டை. இன்றைக்கு நாம் 'ஓவர் எக்ஸ்போஷர்' என்று சலித்துக்கொள்கிறோமே, அந்த அவஸ்தைக்கு வயது 150-க்கும் மேல்.

இதற்கு பாரிஸில் ஒரு மனுஷர் வழி கண்டுபிடித்தார். பெயர் குஸ்தாவ் லெ க்ரே. ஓவியம் படித்துவிட்டு கேமரா பக்கம் வந்தவர். கடலுக்கு ஒரு நெகட்டிவ், மேகத்துக்குத் தனியாக இன்னொரு நெகட்டிவ் எடுத்தார். இரண்டையும் தொடுவானக் கோட்டில் ஒட்டுப்போட்டு ஒரே பிரின்ட்! 1857-ல் தெற்கு பிரான்ஸின் ஸேத் துறைமுகத்தில் எடுத்த 'பேரலை' படம் அப்படிப் பிறந்ததுதான். அலை சீறுகிறது, மேலே மேகம் திரள்கிறது. பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். இதில் தமாஷ் என்னவென்றால், லெ க்ரேயின் வேறு வேறு கடல் படங்களில் அதே மேகம் மறுபடி தலைகாட்டும். நல்ல வானம் கிடைப்பது அபூர்வம், கிடைத்ததைத் திரும்பத் திரும்ப உபயோகித்துக்கொண்டார்!

லெ க்ரேயின் வாழ்க்கை அத்தனை அழகாக முடியவில்லை. கடன் கழுத்தை நெரிக்க, 1860-ல் எழுத்தாளர் அலெக்ஸாண்டர் டூமாவோடு கப்பலேறியவர் பாரிஸ் திரும்பவே இல்லை. கெய்ரோவில் டிராயிங் மாஸ்டராக இருந்து 1884-ல் இறந்தார். அந்த 'பேரலை' 1999-ல் லண்டன் ஏலத்தில் 5,07,500 பவுண்டுக்குப் போனது. ஒரு புகைப்படத்துக்கு அன்றைய தேதியில் அது உலக சாதனை.

லெ க்ரேயாவது நிஜ மேகத்தைக் கொண்டுவந்து ஒட்டினார். அதே காலத்தில் நம் மதுரையில் நடந்தது வேறு கதை.

கேப்டன் லினேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவ அதிகாரி. 1856-ல் மதராஸ் ராஜதானியின் அரசாங்கப் போட்டோகிராபராக நியமிக்கப்பட்டார். 1858-ல் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று மாட்டுவண்டிக் காலத்தில் பெரிய கேமராவோடு ஊர் ஊராகச் சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரின்ட்களை வரிசையாக ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அடேங்கப்பா! அவர் உபயோகித்தது கண்ணாடி அல்ல, காகித நெகட்டிவ். ஆனால் அதற்கும் அதே நீலப் பித்து. அதிலும் நம் ஊர் வெயில் சும்மாவா? வானம் வெறுமையாகிப் போனது.

டிரைப் என்ன செய்தார்? தூரிகையை எடுத்தார். நெகட்டிவில் மை பூசிய இடம் பிரின்ட்டில் வெள்ளையாக விழும் அல்லவா? வானப் பகுதியில் பொறுமையாகப் பூசிப் பூசி மேகங்களை உண்டாக்கினார். இன்றும் அந்த நெகட்டிவ்களை விளக்கு முன்னால் பிடித்தால் பூச்சு தெரியும். ஆக, டிரைப் படங்களில் கல் நிஜம், கோபுரம் நிஜம். மேகம் பல இடங்களில் கேப்டனின் கைவண்ணம்! 1859-ல் மதராஸ் கவர்னராக வந்த சார்லஸ் டிரவெல்யன், 'இதெல்லாம் அனாவசியச் செலவு' என்று அந்தப் பிரிவையே இழுத்து மூடினார் என்பது தனி சோகம்.

இப்போது நம் கைக்கு வருவோம். டிஜிட்டல் கேமராவில் இருக்கும் சென்ஸாரை, மழையில் வரிசையாக வைத்த லட்சக்கணக்கான குட்டி வாளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளிதான் மழை. எவ்வளவு நிரம்பியது என்று அளந்து எண்ணாக எழுதுவதுதான் படம். சாதாரண ஜேபெக் படத்தில் 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை. வாளி நிரம்பி வழிந்த பிறகு எத்தனை மழை கொட்டினாலும் கணக்கு 255-தான். பட்டு வேட்டியின் மடிப்பு, மணப்பெண் நெற்றியில் விழுந்த ஃபிளாஷ், சாயங்கால மேகம் எல்லாமே 255. அப்புறம் கம்ப்யூட்டரில் எவ்வளவு இருட்டாக்கினாலும் வெள்ளை சாம்பலாகுமே தவிர, மடிப்பு வராது. 'ரா' ஃபைலில் 4,096 அல்லது 16,384 படிகள் இருப்பதால் கொஞ்சம் மீட்கலாம். அதிலும் வாளி நிரம்பியிருந்தால்... போச்சு!

அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் வெளிச்சமான இடத்துக்கு முதல் மரியாதை தருகிறார்கள். 1941 நவம்பர் 1. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில், ஹெர்னாண்டஸ் என்ற கிராமம். கல்லறைச் சிலுவைகளில் கடைசி வெயில், மேலே நிலா. காரை நிறுத்திவிட்டு ஓடினார் ஆன்ஸல் ஆடம்ஸ். லைட் மீட்டரைக் காணோம்! நிலாவின் ஒளி சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது ஞாபகத்தில் இருந்தது. அதை வைத்தே மனக்கணக்குப் போட்டு ஒரு விநாடி திறந்தார். இரண்டாவது படத்துக்குத் தயாராவதற்குள் சிலுவைகளில் வெயில் போய்விட்டது. நிலா பிழைத்தது, தரை மங்கல். 1948-ல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை ரசாயனத்தால் தேற்றி எடுத்தார்.

நீங்களும் அதையேதான் செய்ய வேண்டும். செல்போனில் பிரகாசமான இடத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். கேமராவில் மைனஸ் பக்கம் ஒரு படி தள்ளுங்கள். இருட்டைப் பிறகு தூக்கிவிடலாம். கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும், பரவாயில்லை. எரிந்துபோன வெள்ளை திரும்பாது.

இன்றைய செல்போன்கள் படபடவென்று பல படங்கள் எடுத்து, நல்ல பகுதிகளைச் சேர்த்துத் தருகின்றன. லெ க்ரேயின் பேரப்பிள்ளைகள்! 2020-ல் ஃபோட்டோஷாப்பில் வானத்தையே மாற்றும் வசதி வந்தது. அது டிரைப்பின் தூரிகைக்கு வாரிசு. வீட்டு ஆல்பத்துக்கு இரண்டுமே தப்பில்லை. ஆனால் சாட்சி சொல்ல வேண்டிய படங்கள் உண்டு. வெள்ளம், விபத்து, இடிக்கப்படப்போகும் பழைய மண்டபம்... அங்கே வெள்ளை வெள்ளையாகவே இருக்கட்டும். 'இங்கே எனக்குக் கண் கூசியது' என்று கேமரா ஒப்புக்கொள்கிறது. அந்த இடத்தில் நாம் அழகான மேகத்தை வரைந்தால், 1858-ல் மதுரைக்கு மேலே அன்று என்ன மேகம் இருந்தது என்று தெரியாமலே போனது போல, நாளைக்கு நம் பேரன்களுக்கும் தெரியாமல் போகும்.