கார் சப்வூஃபர் இணைப்பு: ஓம் கணக்கு

காரில் சப்வூஃபரை ஆம்ப்ளிஃபயருடன் இணைக்கும்போது, அந்த ஆம்ப்ளிஃபயர் தாங்கக்கூடிய அளவுக்குக் கீழே இம்பீடன்ஸ் இறங்கிவிடாதபடி வாய்ஸ் காயில்களை (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்களை) தொடராகவோ பக்கமாகவோ இணைப்பதே இம்பீடன்ஸ் பொருத்தம் எனப்படுகிறது. இம்பீடன்ஸ் என்பது மாறுதிசை மின்னோட்டத்துக்குச் சுற்று காட்டும் மொத்த எதிர்ப்பு. அதன் அலகு ஓம். கார் சப்வூஃபர்கள் பெரும்பாலும் 2 அல்லது 4 ஓம் அளவில் வருகின்றன. வீட்டு ஒலிபெருக்கிகளில் 8 ஓம் அதிகம்.

இந்த வேறுபாடு காரின் பேட்டரியிலிருந்து வந்தது. எஞ்சின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14 வோல்ட். அதை உயர்த்தாமல் நேரடியாகப் பயன்படுத்தும் ஸ்டீரியோ, 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கணக்குப்படி ஏறத்தாழ 25 வாட் வரைதான் தர முடியும்; 8 ஓம் என்றால் அதிலும் பாதி. மின்னழுத்தத்தைக் கூட்ட வழியில்லாத இடத்தில் ஓமைக் குறைத்து மின்னோட்டத்தைக் கூட்டினார்கள். பிறகு வந்த தனி ஆம்ப்ளிஃபயர்கள் தமக்குள்ளேயே மின்னழுத்தத்தை உயர்த்திக்கொள்கின்றன என்றாலும், குறைந்த ஓம் என்ற வழக்கம் காரில் நிலைத்துவிட்டது.

பொருத்தம் என்றால் சமம் அல்ல

பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. 4, 8, 16 ஓம் எனத் தனித்தனி முனைகள் இருக்கும். ஸ்பீக்கரின் ஓமுக்கு உரிய முனையில்தான் அதை இணைக்க வேண்டும். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் நிலைமை வேறு. அதன் உள் இம்பீடன்ஸ் ஓமில் மிகச் சிறிய பின்னம்; அதற்குச் சமமான ஸ்பீக்கரை யாரும் இணைப்பதில்லை. அது கேட்பதெல்லாம் ஒரு கீழ் எல்லையைத்தான். '2 ஓம் வரை' என்று குறித்த ஆம்ப்ளிஃபயரில் 4 ஓம் இணைத்தால் அதற்கு எந்தக் கெடுதலும் இல்லை. வாட் மட்டும் குறையும். 1 ஓம் இணைத்தால் மின்னோட்டம் எல்லை மீறும். பாதுகாப்புச் சுற்று ஆம்பை நிறுத்தும். அந்தச் சுற்று சரியில்லாவிட்டால் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் எரியும்.

ஆகவே குறைந்த ஓம் என்பது ஒரு தகுதி அல்ல. ஓர் ஆம்ப் 4 ஓமில் 300, 2 ஓமில் 500, 1 ஓமில் 800 வாட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓம் பாதியாகும்போது வாட் இரட்டிக்க வேண்டும் என்பது கணக்கு. மின்வழங்கியின் வரம்பும் வெப்பமும் அதை அப்படி நடக்க விடுவதில்லை. 500 வாட்டிலிருந்து 800 வாட்டுக்குப் போனால் ஒலி கூடுவது சுமார் 2 டெசிபெல். காதுக்கு அது சிறு ஏற்றம். அந்த 2 டெசிபெல்லுக்காக ஆம்பின் சூடு, ஒயரின் இழப்பு, பேட்டரியின் சுமை எல்லாவற்றையும் கூட்டிக்கொள்வது பெரும்பாலான கார்களுக்குத் தேவையற்றது. ஆம்பை முதலில் முடிவு செய்து, அதன் எல்லைக்கு ஏற்ற காயில் உள்ள சப்வூஃபரை வாங்குவதே நல்ல வரிசை. சப்வூஃபரை வாங்கிய பின் ஓமைத் தேடுகிறவருக்குத் தெரிவு குறைந்துவிடும்.

காயில் கணக்கு

தொடர் இணைப்பில் ஓம்களைக் கூட்ட வேண்டும். பக்க இணைப்பில், ஒரே அளவுள்ள காயில்கள் என்றால், ஒன்றின் ஓமை எண்ணிக்கையால் வகுத்தால் போதும். இரட்டை வாய்ஸ் காயில் சப்வூஃபர்கள் பரவியதற்கு இந்த எளிய கணக்கே காரணம். இரண்டு 4 ஓம் காயில் கொண்ட சப்வூஃபரைத் தொடராக இணைத்தால் 8 ஓம். பக்கமாக இணைத்தால் 2. இரண்டு 2 ஓம் காயில் என்றால் 4 அல்லது 1. இரட்டை 4 ஓம் சப்வூஃபரால் 4 ஓமும் வராது, 1 ஓமும் வராது என்பதைக் கடையிலேயே நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டு சப்வூஃபர் சேரும்போது வாய்ப்புகள் கூடும். இரட்டை 4 ஓம் வகையில் இரண்டு இருந்தால், நான்கு காயில்களையும் பக்கமாக இணைக்க 1 ஓம் வரும். ஒவ்வொன்றின் காயில்களையும் தொடராக்கி (8 ஓம்), அந்த இரண்டையும் பக்கமாகச் சேர்க்க 4 ஓம். இரட்டை 2 ஓம் வகையில் இதே முறை 2 ஓம் தரும். எல்லாவற்றையும் பக்கமாக இணைத்தால் அரை ஓம் ஆகிவிடும், அதைத் தாங்கும் ஆம்ப்கள் குறைவு.

மோனோ (ஒரே சேனல்) ஆம்ப்களில் பலவற்றில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர் முனைகள் இருக்கும். அவை இரண்டு சேனல்கள் அல்ல. உள்ளே ஒன்றாக இணைந்தவை. முனைக்கு ஒரு 2 ஓம் சப்வூஃபர் என்று இரண்டை மாட்டினால் ஆம்ப் காண்பது 1 ஓம். ஆம்ப்கள் பழுதாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இரண்டு சேனல் ஆம்பை பிரிட்ஜ் செய்யும்போது, அதாவது இரு சேனல்களையும் ஒரே சுமைக்குச் சேர்க்கும்போது, வேறொரு கணக்கு உண்டு: இரு சேனல்களும் எதிரெதிராக இயங்குவதால் ஒவ்வொன்றும் சுமையில் பாதியைத்தான் காணும். சேனலுக்கு 2 ஓம் தாங்கும் ஆம்ப், பிரிட்ஜில் 4 ஓமுக்குக் கீழே போகக் கூடாது.

தொடர் இணைப்பில் பாஸ் தளர்ந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. ஒரே சப்வூஃபரின் இரண்டு காயில்களுக்கு அது பொருந்தாது. மின்னழுத்தம் சமமாகப் பிரிகிறது. கோனின் ஒத்ததிர்வோ பெட்டிக்கான கணக்கோ மாறுவதில்லை. மாறுவது ஆம்ப் தரும் வாட் மட்டும். ஒரு காயிலை இணைக்காமல் விடுவதுதான் உண்மையில் தவறு. அப்போது தாங்கும் வாட் பாதியாகும். காந்த விசையால் கோனுக்குக் கிடைக்கும் பிடிப்பும் குறையும். அதற்கெனக் கட்டிய பெட்டி பொருந்தாமல் போகும்.

வெவ்வேறு ஓம் உள்ள சப்வூஃபர்களைக் கலப்பதும் வேண்டாம். பக்க இணைப்பில் குறைந்த ஓம் உள்ளது அதிக வாட்டை இழுக்கும். தொடரில் அதிக ஓம் உள்ளதே அதிகம் இழுக்கும். ஒன்று சோர, ஒன்று சூடாகும்.

அட்டையில் உள்ள எண்

'4 ஓம்' என்பது ஒரு பெயரளவு எண். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரவரையறைப்படி, ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் குறித்த அளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. 4 ஓம் என்றால் 3.2 ஓம். மேலே எவ்வளவும் போகலாம். ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் அது பல மடங்காக எழும். போர்ட் வைத்த பெட்டியில் ஒரு முகட்டுக்குப் பதில் இரண்டு முகடுகள் தோன்றும். நெடுநேரம் உரக்க ஒலித்தால் செம்புக் கம்பி சூடேறி அதன் மின்தடையும் உயரும்: 180 டிகிரி கூடினால் சுமார் 70 விழுக்காடு. எனவே 1 ஓம் என்று இணைத்த அமைப்பு, பாட்டு ஓடும்போது பெரும்பாலும் 1 ஓமில் இருப்பதில்லை. ஆனால் கீழ் எல்லையைப் பெயரளவு எண்ணை வைத்தே கணக்கிட வேண்டும். முகடுகளை நம்பி எல்லை தாண்டுவது ஆபத்து.

ஒயரும் மின்சாரமும்

குறைந்த ஓமில் ஒயரின் சிறு தடையும் பெரிதாகும். 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், போய்வர 4 மீட்டர் என்றால் அதன் தடை சுமார் 0.09 ஓம். 4 ஓம் சுமையில் வீணாவது 2 விழுக்காடு. 1 ஓமில் 8 விழுக்காட்டுக்கு மேல். செம்பு பூசிய அலுமினிய ஒயரில் இழப்பு இன்னும் அதிகம். பேட்டரிப் பக்கத்திலும் இதே நெருக்கடிதான். 80 விழுக்காடு திறனுள்ள ஆம்ப் 1000 வாட் தரும் கணத்தில் 13.8 வோல்ட்டில் ஏறத்தாழ 90 ஆம்பியர் இழுக்கும். பல சிறிய கார்களின் ஆல்டர்னேட்டர் மொத்தமாகத் தருவதே அந்த அளவுதான். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃப்யூஸ் இருப்பது கட்டாயம். அது ஆம்பைக் காப்பதற்கு அல்ல, ஒயர் உரசித் தீப்பிடிக்காமல் இருப்பதற்கு.

சரிபார்த்தல்

முனைகளின் பிளஸ், மைனஸ் மாறினால் மல்டிமீட்டர் அதைக் காட்டாது. ஒரே சப்வூஃபரில் ஒரு காயில் தலைகீழானால் இரண்டு விசைகளும் ஒன்றையொன்று அழிக்கும். கோன் அசையாது, காயில் மட்டும் சூடேறும். 1.5 வோல்ட் பேட்டரியை ஒவ்வொரு காயிலின் முனைகளிலும் ஒரு கணம் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்: பிளஸில் பிளஸ் தொட்டால் கோன் வெளியே நகர வேண்டும், இரண்டு காயிலுக்கும் ஒரே திசையில்.

அதன் பிறகு எல்லா இணைப்பையும் முடித்து, ஆம்பில் செருகும் முன் ஒயர் நுனிகளில் அளக்க வேண்டும். மீட்டர் காட்டுவது நேர்திசை மின்னோட்டத்துக்கான தடை என்பதால் அது பெயரளவு ஓமைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். 4 ஓம் காயிலுக்கு 3.2 முதல் 3.7 வரை வந்தால் இயல்பு. மீட்டரின் இரு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, அதில் வரும் தடையைக் கழித்துக்கொள்ள வேண்டும். 1 ஓம் இணைப்பில் அந்தப் 0.2, 0.3 ஓம் பெரிய பிழை. எதிர்பார்த்ததில் கால் பங்கோ நான்கு மடங்கோ வந்தால் எங்கோ தொடரும் பக்கமும் மாறியிருக்கிறது. அளவு சரியாக வந்த பின்பே ஃப்யூஸைப் பொருத்த வேண்டும்.