தோலில் லேசான சிவப்பு, உள்ளே தாங்க முடியாத வலி: ஃபோர்னியர் கேங்ரீன் என்றால் என்ன?

பிறப்புறுப்பு பகுதியில் வலி வந்தால் வெளியே சொல்லவே பலருக்கும் கூச்சம். "சூட்டுக்கட்டியா இருக்கும், ரெண்டு நாள்ல சரியாகிடும்" என்று களிம்பு தடவிக்கொண்டு இருந்துவிடுவார்கள். பெரும்பாலும் அது சாதாரண கட்டிதான். ஆனால் அரிதாக, சில மணி நேரத் தாமதம்கூட உயிரைப் பறிக்கும் தொற்றாக இருக்கலாம். அதுதான் ஃபோர்னியர் கேங்ரீன்.

எந்த இடத்தைத் தாக்கும்?

விதைப்பை, பிறப்புறுப்பு, ஆசனவாயைச் சுற்றியுள்ள பகுதியில் தோலுக்கு அடியில் உள்ள திசுக்கள் அழுகும் நோய் இது. பாரிஸ் மருத்துவர் ழான் ஆல்ஃபிரட் ஃபோர்னியர் 1883-ல் இதை விவரித்ததால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆண்களுக்கே அதிகம் வரும் என்றாலும் பெண்களுக்கும் வரலாம்.

எப்படிப் பரவுகிறது?

ஆசனவாய் அருகே உள்ள சீழ்க்கட்டி, சிறுநீர்ப்பாதை தொற்று, சின்ன காயம் என ஏதாவது ஒரு வழியில் பாக்டீரியாக்கள் நுழைகின்றன. அங்குள்ள ரத்தக் குழாய்கள் அடைபட, திசு செத்துப்போகிறது. தோலுக்கு அடியிலேயே வேகமாகப் பரவுவதால் வெளியே தெரிவது கொஞ்சம்தான்.

எந்த அறிகுறிகளைக் கவனிக்கணும்?

* பார்க்க லேசான சிவப்பு, ஆனால் வலியோ தாங்க முடியாத அளவுக்கு
* வீக்கம், காய்ச்சல், நடுக்கம், உடல் சோர்வு
* தோல் ஊதா அல்லது கறுப்பாக மாறுவது, துர்நாற்றம்
* தொட்டால் தோலுக்கு அடியில் நறநறவென்ற உணர்வு

இன்னொரு முக்கியமான விஷயம்: வலி திடீரென்று குறைந்தால் 'சரியாகிடுச்சு' என நினைக்க வேண்டாம். நரம்புகள் செத்து, அந்த இடம் மரத்துப்போயிருக்கலாம்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

சர்க்கரை நோயாளிகள், மதுப்பழக்கம் உள்ளவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்களிடம் இந்த நோய் அரிதாகக் காணப்பட்டதாக அமெரிக்காவின் எஃப்டிஏ 2018-ல் எச்சரித்தது. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீங்க. அறிகுறி இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்க.

என்ன சிகிச்சை?

ஆன்டிபயாடிக் மட்டும் போதாது. ரத்த ஓட்டம் நின்ற திசுவுக்குள் மருந்து போய்ச் சேராது. அதனால் நரம்பு வழியாக வலுவான ஆன்டிபயாடிக் ஏற்றிக்கொண்டே, அழுகிய திசுவை அவசர அறுவை சிகிச்சையில் அகற்றுவார்கள். ஸ்கேன் உதவும், ஆனால் சந்தேகம் வலுவாக இருந்தால் அதற்காகக் காத்திருக்க மாட்டார்கள். 24 முதல் 48 மணி நேரத்தில் மறுபடி திறந்து பார்ப்பார்கள். பலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அறுவை சிகிச்சை தேவைப்படும். விதைகளுக்குத் தனி ரத்த ஓட்டம் இருப்பதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும். தொற்று முழுமையாக அடங்கியபின் தேவைப்பட்டால் தோல் ஒட்டு சிகிச்சை செய்யப்படும்.

சிகிச்சை கிடைத்தாலும் உயிரிழப்பு அதிகமுள்ள நோய் இது. சீக்கிரம் அறுவை சிகிச்சை நடந்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடும். அதனால் இந்த அறிகுறிகள் தெரிந்தால், நள்ளிரவானாலும் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்க. வலி எங்கே என்று வெளிப்படையா சொல்லுங்க.