விடுப்பு எடுக்காத நூலகரும் அவர் வகுத்த வாய்பாடும்

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 12 அன்று, தேசிய நூலகர் நாளையொட்டி, எஸ். ஆர். ரங்கநாதனின் படத்தோடு ஒரு செய்தி கைமாறிக்கொண்டே இருக்கும். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த இருபது ஆண்டுகளில் அவர் விடுமுறையே எடுத்ததில்லை; வாரத்தின் ஏழு நாளும், நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் உழைத்தார்; திருமணம் முடிந்த அன்று பிற்பகலே நூலகத்துக்குத் திரும்பிவிட்டார். அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் தவறாது இடம்பெறும் செய்தி இது. நானும் சில ஆண்டுகள் இதை வியந்து பகிர்ந்திருக்கிறேன். இவ்வாண்டு பகிர மனம் ஒப்பவில்லை. காரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டும்.

கணிதப் பேராசிரியராக இருந்த ரங்கநாதன் 1924 ஜனவரியில் நூலகர் பொறுப்பை ஏற்றார். தொடக்கத்தில் அந்தத் தனிமை தாளாமல் மீண்டும் வகுப்பறைக்கே போக விரும்பினார். இலண்டனில் பயிற்சி பெற்று 1925-இல் திரும்பியபோது அவர் வேறு மனிதர். 1928-இல் சென்னை நூலகச் சங்கம், 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகள், 1933-இல் கோலன் பகுப்பு முறை என்று அடுத்தடுத்து வந்தவற்றை நாம் அறிவோம். இந்திய நூலகவியலின் அடித்தளம் அந்த இருபது ஆண்டுகளில்தான் இடப்பட்டது.

அதன் முடிவைப் பற்றி ஆகஸ்ட் மாதச் செய்திகள் பேசுவதில்லை. புதிய துணைவேந்தரோடு ஏற்பட்ட பிணக்கு முற்றி, ஓய்வு பெறும் நாள் வரை வகிக்க எண்ணியிருந்த பதவியை அவர் விட்டு விலகினார். சிறிது காலம் மனச்சோர்வில் ஆழ்ந்திருந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிக்கிறார்கள். பின்னர் 1945-இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம் சென்று, அங்கும் ஓர் இலட்சம் அளவிலான நூல்களைத் தாமே பகுத்துப் பட்டியலிட்டார். மறைந்த ஒருவருக்கு நோய்ப்பெயர் சூட்டும் தகுதி எனக்கில்லை. ஆயினும் விடுப்பற்ற இருபது ஆண்டுகளைப் போற்றும் நாம், அவற்றை அடுத்து வந்த சோர்வை மட்டும் கதையிலிருந்து நீக்கிவிடுவது நேர்மையாகாது.

அந்தச் சோர்வைக் குறிக்க இன்று ஆய்வுலகில் ஒரு சொல் உண்டு. நியூயார்க்கில் இலவச மருத்துவ நிலையத் தொண்டர்களைக் கவனித்த ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974-இல் அதைப் 'பர்ன்அவுட்' என்று எழுதினார். 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் அதை அளக்கும் வினாநிரலை வெளியிட்டனர். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் அதை நோயாகக் கொள்ளாமல் பணிசார் நிகழ்வு என வரையறுத்தது. ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், செயல்திறன் குன்றிவிட்டதாக உணர்தல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள்.

மொழியியல் படித்தவள் என்பதால் இங்கே சொற்களிலும் சற்று நிற்கிறேன். நூலக வேலையை நாம் 'நூலகப் பணி', 'நூலகத் தொண்டு', 'நூலகச் சேவை' என்கிறோம். பணி என்பது வினையாகும்போது வணங்குதல். தொண்டு பக்தி இலக்கியத்தில் அடிமைத்திறம். சேவை வைணவர் வழக்கில் இறைவனைத் தரிசிப்பதையும் குறிக்கும். மூன்று சொற்களிலும் கோயில் மணம் உண்டு. வேலை நேரம் எத்தனை மணிக்கு முடிகிறது என்ற குறிப்பு எதிலும் இல்லை. அமெரிக்க நூலகர் ஃபோபாசி எட்டார் 2018-இல் எழுதிய கட்டுரையொன்று இந்த மனப்பான்மையைத்தான் ஆராய்ந்தது. நூலகத்தைப் புனித இடமாகவும் வேலையைத் திருப்பணியாகவும் கருதும்போது, குறைந்த ஊதியத்தையும் மிகைப் பணிச்சுமையையும் பற்றிப் பேசுவதே குற்றம்போல் ஆகிவிடுகிறது என்பது அவர் வாதம்.

இத்தகைய வழிபாட்டுக்கு ரங்கநாதனின் எழுத்திலேயே மாற்று இருக்கிறது. நூலகங்களுக்கு எத்தனை பணியாளர் தேவை எனக் கணிக்க அவர் ஒரு வாய்பாடு வகுத்தார். நூலக அறிவியல் மாணவர்கள் அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். அதில் இரண்டு பகுதிகளைப் பாருங்கள்.

நூல் வழங்கும் பிரிவுக்கு: ஓராண்டில் வழங்குமுகப்பு திறந்திருக்கும் மொத்த மணி நேரத்தை 1500-ஆல் வகுக்க வேண்டும். நாளுக்கு 12 மணி நேரமாக ஆண்டுக்கு 350 நாள் ஒரு முகப்பு திறந்திருந்தால் 4200 மணி நேரம். வகுத்தால் 2.8, அதாவது ஒரு முகப்புக்கு மூவர்.

குறிப்புதவிப் பிரிவுக்கு: நாளொன்றுக்கு வரும் வாசகர் எண்ணிக்கையை 50-ஆலும், நூலகம் இயங்கும் நாள்களை 250-ஆலும் வகுத்துப் பெருக்க வேண்டும். நாளுக்கு 300 வாசகர், ஆண்டுக்கு 350 நாள் என்றால் 8.4 பேர்.

அந்த 1500-உம் 250-உம் எங்கிருந்து வருகின்றன? ஒரு மனிதர் ஓராண்டில் முகப்பில் இருக்கக்கூடிய மணி நேரமும், வேலைக்கு வரக்கூடிய நாள்களும்தான் அவை. நூலகம் 350 நாள் திறந்திருக்கலாம், மனிதர் 250 நாள்தான் வருவார் என்பது வாய்பாட்டின் அடிப்படை. தாம் விடுப்பு எடுக்காதவர், பிறர் விடுப்பு எடுப்பார்கள் என்பதைக் கணக்கின் வகுஎண்ணாகவே வைத்திருக்கிறார். நூலகங்களுக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆய்வுக்குழு 1957-இல் அமைக்கப்பட்டபோது அதன் தலைவரும் அவரே.

இனி நிகழ்காலம். 2009 முதல் ஆய்வேடுகளின் மின்படிகளை 'சோத்கங்கா'வில் ஏற்ற வேண்டும் என்பது விதி. 2018 முதல் கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிமுறைகளின்படி ஒப்புமைச் சோதனையும் கட்டாயம். பல இடங்களில் இவ்விரண்டும் நூலகத்தின் தலையிலேயே விழுந்தன. வேலை கூடியது, ஆள் கூடவில்லை.

நான் பயிலும் இடத்தில், ஆய்வேடு ஒப்படைக்கும் பருவத்தில் ஒரு மாலை, ஒப்புமை அறிக்கைக்காக வரிசையில் நின்றேன். முகப்பில் ஒரே ஒருவர். நூல் வாங்குவதும் கொடுப்பதும் அறிக்கை எடுப்பதும் தொலைபேசிக்குப் பதில் சொல்வதும் அவரே. எனக்கு முன்னால் நின்ற மாணவர் குரலை உயர்த்தினார். அவர் பதில் சொல்லவில்லை. நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. "என்ன அலட்சியம்" என்று நானும் முணுமுணுத்தேன். பிறகு மாஸ்லாக்கைப் படித்தபோது, மனம் விலகுதல் என்ற சொல்லின் அருகே எனக்கு அந்த முகம்தான் நினைவுக்கு வந்தது. ஒப்பந்த ஊழியரான அவர், காலியாகவே இருந்த இரண்டு இடங்களுக்கும் சேர்த்து உழைத்துக்கொண்டிருந்தார் என்பதும் பின்னர்தான் தெரிந்தது.

அத்தகையவர்களுக்கு இப்போது தற்பேணல் குறித்துப் பயிலரங்குகள் நடத்தப்படுகின்றன. மூச்சுப் பயிற்சியும் நடையும் நல்லவையே, நானும் நடக்கிறேன். ஆனால் 8.4 பேர் செய்ய வேண்டிய வேலையை இருவர் செய்யும் இடத்தில், மீதி 6.4 பேரின் இடத்தை எந்த மூச்சுப் பயிற்சி நிரப்பும்?

ஆகவே நண்பர்களே, அடுத்த ஆகஸ்ட் 12-க்கு முன் ஒரு வேலை செய்வோம். உங்கள் நூலக முகப்பு ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது என்று எண்ணி, 1500-ஆல் வகுத்துப் பாருங்கள். விடையையும், அங்கே உண்மையில் இருப்போரின் எண்ணிக்கையையும் ஒரு தாளில் எழுதி, நூலகக் குழுவில் உள்ள உங்கள் பேராசிரியரிடம் கொடுங்கள். நூலகர் தாமே கேட்டால் குறை சொல்வதாகும். வாசகர் நாம் கேட்கலாம். கணக்கு ரங்கநாதனுடையது என்று மறவாமல் குறிப்பிடுங்கள்.