ஜவ்வாது மலையின் எலும்பு நலமும் பென்சிமிடசோல் வளையமும்

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில், மலையாளிப் பழங்குடியினரின் உணவில் சாமையும் கேழ்வரகும் நெடுங்காலமாக இடம்பெற்றுள்ளன. சிறுதானியம் என்றாலே எலும்புக்கு உரம் என்ற பேச்சு இன்று பரவலாக இருக்கிறது. ஆனால் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருத முடியாது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் சுமார் 364 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. சாமையில் 16 மில்லிகிராம்தான். மழையை மட்டும் நம்பிய மேட்டுச் சரிவிலும் விளைந்து பசியாற்றுவது சாமையின் பெருமை. எலும்புக்கான கால்சியத்தைத் தருவது கேழ்வரகுக் களியும் கூழும்தான்.

கால்சியம் படிவதற்கு முதலில் ஒரு சட்டகம் வேண்டும். கொல்லாஜன் என்னும் புரதமே அந்தச் சட்டகம். அதன் இழைகள் முறுக்கேறி உறுதிபெற இரும்புச்சத்தும் வைட்டமின் சி-யும் தேவை. உண்ட இரும்பையும் புரதத்தையும் குடலில் இருந்துகொண்டே உறிஞ்சிவிடும் உயிரி ஒன்று இம்மலையில் உண்டு. அது கொக்கிப்புழு.

மலத்தோடு மண்ணில் விழும் இதன் முட்டைகள் ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் ஓரிரு நாளில் பொரிகின்றன. ஒரு வாரம் போல வளர்ந்த இளம்புழு, வெறுங்காலோடு கொல்லைக்குப் போகிறவரின் தோலைத் துளைத்து இரத்தத்தில் கலக்கிறது. நுரையீரலுக்குப் போய், தொண்டை வழியே ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலைச் சேர்கிறது. ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள புழு குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இரத்தம் குடிக்கும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஜவ்வாது மலைக் கிராமங்களில் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் இருவரிடம் குடற்புழுத் தொற்று காணப்பட்டது. அதில் மிகப் பெரும்பகுதி கொக்கிப்புழுதான். வளரும் பிள்ளையின் உடலிலிருந்து இரும்பும் புரதமும் இப்படிக் கழியும்போது, களியில் உள்ள கால்சியம் மட்டும் எலும்பைக் கட்டிவிடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இப்புழுவுக்கு எதிரான மருந்தின் வரலாறு ஜெர்மனியில் தொடங்குகிறது. பென்சீன் வளையமும் இமிடசோல் வளையமும் ஒரு பக்கத்தைப் பகிர்ந்து ஒட்டிய சேர்மமே பென்சிமிடசோல். இக்குடும்பத்தின் முதல் சேர்மத்தை 1872இல் ஹோப்ரெக்கர் உருவாக்கினார். அதன்பின் பல பத்தாண்டுகள் அது பெரும்பாலும் வேதியியலாரின் ஆர்வத்துக்குரிய பொருளாகவே இருந்தது. 1948இல் வைட்டமின் பி12 தனித்துப் பிரிக்கப்பட்டது. அதன் மூலக்கூற்றில் டைமெத்தில் பென்சிமிடசோல் இருப்பது விரைவிலேயே தெரியவந்தது. இயற்கையே ஒரு வைட்டமினுக்குள் இவ்வளையத்தை வைத்திருக்கிறது என்ற செய்தி மருந்து வேதியியலை இதன் பக்கம் திருப்பியது. சாமையிலும் கேழ்வரகிலும் பி12 இல்லை. பால், முட்டை, மீன், இறைச்சி வழியாகத்தான் வரவேண்டும்.

1961இல் மெர்க் நிறுவனம் தயாபெண்டசோல் என்னும் பென்சிமிடசோல் குடற்புழு மருந்தை அறிமுகப்படுத்தியது. கல்லீரல் அதன் வளையத்தின் ஐந்தாம் இடத்தில் ஆக்சிஜனைச் சேர்த்து அதை விரைவில் செயலிழக்கச் செய்தது. அடுத்து வந்த வேதியியலார் அந்த ஐந்தாம் இடத்தையே வேறு அணுத்தொகுதியால் அடைத்தார்கள். என் பார்வையில் இந்த வரலாற்றின் மிக நுட்பமான படி இதுவே. 1970களில் வந்த அல்பெண்டசோலில் அவ்விடத்தில் கந்தகம் தாங்கிய புரோப்பைல் தொகுதி இருக்கிறது. புழுவின் செல்லுக்குள் இருக்கும் டியூபுலின் புரதத்தோடு அல்பெண்டசோல் பிணைந்து நுண்குழல்கள் உருவாவதைத் தடுக்கிறது. குளுக்கோஸை உறிஞ்ச முடியாமல் புழு மடிகிறது.

2015 பிப்ரவரி 10 அன்று தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாள், அல்பெண்டசோலின் 400 மில்லிகிராம் மாத்திரையைப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் கொண்டுவந்தது. பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதுமா, ஊரார் அனைவருக்கும் கொடுக்க வேண்டுமா? இதை அறிய பெனின், மலாவி, இந்தியா ஆகிய நாடுகளில் நடந்த டீவோர்ம்3 ஆய்வுக்கு, இந்தியாவில் திமிரியும் ஜவ்வாது மலையும் களமாயின. கேள்வி நியாயமானது, காட்டிலும் கொல்லையிலும் வெறுங்காலோடு உழைப்பவர்கள் பெரியவர்கள்தாமே.

பென்சிமிடசோல் வளையம் எப்போதும் எலும்புக்கு நண்பன் என்றும் சொல்வதற்கில்லை. நெஞ்செரிச்சலுக்கு விழுங்கும் ஒமெப்ரசோலும் பென்சிமிடசோல்தான். நெடுநாள் உட்கொள்வோருக்கு எலும்பு முறிவு வாய்ப்பு கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இல் எச்சரித்தது. மருத்துவர் சொல்லாமல் அதை மாதக்கணக்கில் தொடரக் கூடாது.

அல்பெண்டசோல் குடலில் உள்ள புழுவைக் கொல்லும். மண்ணில் காத்திருக்கும் இளம்புழுவை எதுவும் செய்யாது. எனவே மாத்திரை நாளோடு கடமை முடிந்ததாக நலத்துறை கருதக் கூடாது. தண்ணீர் வசதியுள்ள கழிப்பறையும் காலுக்குச் செருப்பும் மலைக் கிராமங்களுக்கு வேண்டும். அங்கன்வாடி உணவில் முட்டையோடு கேழ்வரகும் தவறாமல் இடம்பெற வேண்டும்.